ஓட்ஸ் அளக்க டம்ளரா, தராசா?

அப்பாவுக்குச் சர்க்கரை கூடியதும், காலைக் கஞ்சிக்கு 40 கிராம் ஓட்ஸ்தான் என்று கணக்குச் சொல்லிவிட்டார்கள். அம்மா அரை டம்ளருக்குக் கொஞ்சம் மேலே போட்டு, அதுதான் 40 என்றார். நான் ஒரு கிச்சன் தராசு வாங்கினேன். ஆறு மாதமாக இரண்டும் ஒரே மேடையில் கிடக்கின்றன. நான் தராசுக் கட்சி, மறைப்பானேன்.

டம்ளரின் வசதி தெரிந்ததுதான். பேட்டரி வேண்டாம், கழுவிக் கவிழ்த்தால் ஆயிற்று.

ஆனால் ஓட்ஸ் தண்ணீரைப் போல இல்லை. அது அவல் மாதிரி, இடையில் காற்றை வைத்துக்கொண்டு உட்காரும். எங்கள் 200 மில்லி டம்ளரில் லேசாகச் சரித்தால் 66 கிராம். இரண்டு தட்டு தட்டி மேலே நிரப்பினால் 75. பாக்கெட் அடியில் தங்கும் தூளென்றால் 80-ஐத் தாண்டியது. அமெரிக்கக் குறிப்புகளில் வரும் கப் ஏறக்குறைய 240 மில்லி, ஆஸ்திரேலியக் கப் 250. அமெரிக்கக் கப்புக்குத் தட்டை ஓட்ஸ் 80 கிராம் என்பார்கள் சிலர், 90 என்பார்கள் சிலர். அளந்த கை வேறு, அவ்வளவுதான். உடைத்த ரவை போன்ற ஸ்டீல் கட் வகை அதே கப்பில் சுமார் 160 வரும். அந்த வகையை நான் ஒரே ஒரு பாக்கெட்தான் வாங்கியிருக்கிறேன், அதனால் அதைப் பற்றி அதிகம் பேசமாட்டேன்.

என்னைத் தராசுப் பக்கம் தள்ளியது தோசை. ‘ஓட்ஸ் ஒரு கப், பொடித்தது’ என்று ஒரு குறிப்பு. ‘பொடித்த ஓட்ஸ் ஒரு கப்’ என்று இன்னொன்று. படிக்க ஒன்றுபோலத்தான் இருக்கும்; ஆனால் முதலாவது அளந்த பிறகு பொடிப்பது, இரண்டாவது பொடித்த பிறகு அளப்பது. மிக்ஸியில் ஒரு சுற்று விட்டால் ஒரு கப் முக்கால் கப்பாக இறங்கிவிடும். நான் முதலாவதை இரண்டாவதாகப் படித்து, மாவைக் கூடுதலாகக் கொட்டி, கல்லில் ஒட்டிய தோசையைச் சுரண்டித் தின்றேன். 100 கிராம் என்று எழுதியிருந்தால் பொடிக்கும் முன்னும் 100, பின்னும் 100. கஞ்சிக்கும் அதே சௌகரியம்: பாத்திரத்தை வைத்து, எடையைப் பூஜ்யமாக்கும் டேர் பொத்தானை அழுத்தி ஓட்ஸ், மறுபடி அழுத்தித் தண்ணீர். தண்ணீர் ஒரு மில்லி ஒரு கிராம்தானே.

தராசும் சொக்கத்தங்கம் இல்லை. எங்களுடையது இரண்டு மூன்று கிராமை நம்பும்படி காட்டாது; உப்புக்கு ஸ்பூன்தான். நாலாம் மாதமே பேட்டரி போனது, அதுவும் ஞாயிற்றுக்கிழமை காலையில்.

அம்மா நடுவழி ஒன்று கண்டுபிடித்தார். 40 கிராமை ஒருமுறை நிறுத்து, ஒரு பிளாஸ்டிக் கப்பில் கொட்டி, மட்டத்தில் நெயில் பாலிஷால் கோடு போட்டுவிட்டார். இரண்டு மாதம் அருமையாக ஓடியது. போன வாரம் கடையில் பழைய வகை இல்லையென்று பொடி ஓட்ஸ் வாங்கி வந்தோம். அதே கோடு வரை போட்டு நிறுத்துப் பார்த்தேன்: 47.