‘மீட்புப் பயிற்சி’ என்று சொல்லி மூன்று மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டார்கள்: குழுக்களை விட்டு வெளியே வந்தவர்கள் தயவுசெய்து படியுங்கள்

கை இன்னும் நடுங்குகிறது. எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு அவர்களிடமிருந்து கடைசிப் பதில் வந்தது: “உங்கள் கோரிக்கை முடித்துவைக்கப்பட்டது.” மூன்று மாதச் சம்பளம் அவர்களுக்கு அந்த ஒரு வரியோடு முடிந்துவிட்டது.

பெயர் சொல்லப் போவதில்லை. சொன்னால் வழக்கு போடுவோம் என்று ஏற்கெனவே ஒரு மெயில் வந்து கிடக்கிறது, வழக்குக்கு ஓட என்னிடம் காசும் இல்லை. வகையை மட்டும் சொல்கிறேன். கல்ட் என்கிறார்களே, ஆளை முழுசாக விழுங்கிவிடும் குழுக்கள், அவற்றிலிருந்து வெளியே வந்தவர்களை ‘மீட்டெடுக்கும்’ ஆன்லைன் பயிற்சி. முதலில் இலவச வீடியோ, அப்புறம் அரைமணி நேர இலவசப் பேச்சு, அப்புறம் பன்னிரண்டு வாரப் பயிற்சி. இந்த வரிசையில் யாராவது உங்களிடம் வந்தால் மேலே படியுங்கள்.

பதிமூன்று வயதில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். இருபத்து நான்கு வயதில் தனியாக வெளியே வந்தேன். அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார். வெளியே வந்த அன்று என் பெயரில் பேங்க் அக்கவுண்ட் கிடையாது, படிப்புச் சான்றிதழ் கிடையாது, போன் கிடையாது. உள்ளே தோட்டம் கொத்தியிருக்கிறேன், நூறு பேருக்குச் சமைத்திருக்கிறேன், புத்தகம் தைத்திருக்கிறேன். சம்பளம் இல்லாத வேலைக்கு அனுபவச் சான்று யார் தருவார்கள்? எந்த இன்டர்வியூவுக்குப் போனாலும் அந்தப் பதினோரு வருஷத்தில் விரலை வைத்து, “இங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?” என்று கேட்பார்கள். எட்டு மாதம் அலைந்த பிறகு ஒரு கிடங்கில் பார்சல் கட்டும் வேலை கிடைத்தது. இரவு ஷிஃப்ட். என் வாழ்க்கையில் என் கைக்கு வந்த முதல் சம்பளம் அதுதான்.

அதில் மிச்சம் பிடித்துத்தான் அந்த மூன்று மாதச் சம்பளத்தைச் சேர்த்தேன். சேர்க்க ஒன்றரை வருஷம் ஆனது. நாலு பேரோடு ஒரே அறையில் இருக்கிறேன். தனி அறைக்கு முன்பணம் கொடுக்க வைத்திருந்த காசு அது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் ஏன் ஏமாந்தேன் என்று புரியாது. எங்கள் குழுவில் ‘மனக்கணக்கு’ என்று ஒரு நோட்டு உண்டு. சனிக்கிழமை ராத்திரி அந்த வாரம் நினைத்த தப்பு நினைப்பையெல்லாம் எழுதிப் பொறுப்பாளரிடம் கொடுக்க வேண்டும். செய்த தப்பு இல்லை, நினைத்த தப்பு. வெளியே வந்து ஒரு வருஷம் ஆன பிறகும் சனிக்கிழமை ராத்திரி ஆனால் எனக்கு இருப்புக் கொள்ளாது. யாரிடமாவது எதையாவது ஒப்புவிக்க வேண்டும் போல இருக்கும்.

அப்படி ஒரு சனிக்கிழமை, ஷிஃப்ட் இடைவேளையில்தான் அந்த வீடியோவைப் பார்த்தேன். 1978 நவம்பர் 18 அன்று கயானாவில் ஜோன்ஸ்டவுன் என்ற இடத்தில் ஒரே குழுவைச் சேர்ந்த 900-க்கும் மேற்பட்டோர் செத்துப்போனதைப் பற்றிப் பேசினார், இந்தப் பயிற்சியை நடத்தும் அம்மாள். செத்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குழந்தைகள். “அந்தப் பிள்ளைங்க யாரும் அங்க போகணும்னு கேக்கல” என்றார். பதிமூன்று வயதில் என்னையும் யாரும் கேட்கவில்லை. பார்சல்களுக்கு நடுவே உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த வீடியோவில் லிஃப்டன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1961-இல் எழுதிய, ஆளின் மனசை முழுசாகப் பிடித்துவைக்கும் இடங்களின் எட்டு அடையாளங்களை அந்த அம்மாள் சொன்னார். சீனாவில் ‘மனமாற்றச் சிறை’களில் இருந்து வந்தவர்களிடம் பேசி அவர் கண்டுபிடித்தவை. வெளிச் செய்தி வரும் வழியை அடைப்பது, ஒப்புவிக்கவைப்பது, தங்களுக்கென்று ஒரு பாஷை வைத்துக்கொண்டு யோசனையை நிறுத்துவது, ஆளைவிடக் கொள்கையைப் பெரிதாக்குவது, இப்படி எட்டு. ஒவ்வொன்றாக நோட்டில் எழுதிக்கொண்டேன். எட்டும் எங்கள் குழுவுக்கு அச்சாகப் பொருந்தின. இவ்வளவு தெரிந்தவர் என்னை ஏமாற்றுவார் என்று நினைக்கவே தோன்றவில்லை.

விடிகாலை இரண்டு மணிக்கு மெசேஜ் போட்டேன். ஐந்து நிமிஷத்தில் குரல் பதிவு வந்தது. “முழிச்சிட்டுத்தான் இருக்கேன், சொல்லும்மா.”

மறுநாள் பேசினோம். நான் சொல்லச் சொல்ல அவர் குறுக்கே பேசவே இல்லை. முடித்ததும், “நீ எதையும் நிரூபிக்க வேண்டாம்மா. நான் நம்புறேன்” என்றார்.

இந்த வார்த்தையை நான் எத்தனை நாள் தேடினேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்? சித்தி, “நீயாத்தானே அங்க இருந்தே” என்றார். குழுவிடம் மாட்டிக்கொண்ட என் சான்றிதழை மீட்டுத் தாருங்கள் என்று புகார் கொடுக்கப் போன இடத்தில் ஒரு அதிகாரி, “கதவைப் பூட்டி வெச்சிருந்தாங்களா? இல்லையே? அப்ப நீங்களே வந்திருக்கலாமே?” என்றார். முறையான மனநல ஆலோசனைக்குப் பெயர் கொடுத்தேன், நாலு மாதம் காத்திருக்கச் சொன்னார்கள். இந்த அம்மாள் ஐந்து நிமிஷத்தில் வந்தார், நம்புகிறேன் என்றார். “மேடம் எல்லாம் வேண்டாம், அக்கான்னே கூப்பிடு” என்றார். நான் அழுதேன். அவரும் அழுதார். அதுதான் இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது. அந்த அழுகையாவது நிஜமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அழுகை ஓய்ந்ததும் தொகையைச் சொன்னார். என் மூன்று மாதச் சம்பளம். மொத்தமாகக் கட்ட வேண்டும், இடம் இரண்டுதான் மீதி, இன்றைக்கு ராத்திரியோடு கடைசி. கார்டில் போட்டால் கட்டணம் கூடும், பேங்க்கிலிருந்து நேராக அனுப்பிவிடு என்றார். “ஒரு நாள் யோசிச்சுச் சொல்லட்டுமாக்கா?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாக, “யோசிக்கணும்னு சொல்றது நீ இல்லம்மா. உன்னை அங்க பயந்தே பழக்கினாங்களே, அந்தப் பயம் சொல்லுது” என்றார்.

ஒன்பது நிமிஷத்தில் பணம் அனுப்பிவிட்டேன். ஸ்கிரீன்ஷாட்டில் நேரம் இருக்கிறது.

முதல் இரண்டு அமர்வு நன்றாகவே இருந்தது, அதை மறைக்க மாட்டேன். வீட்டுப்பாடமாக, நடந்தது முழுவதையும் எழுதி அனுப்பச் சொன்னார். “வெக்கப்படாம எல்லாத்தையும் எழுது, எழுதினாத்தான் பாரம் இறங்கும்.” 41 பக்கம் எழுதி அனுப்பினேன். திரும்பவும் மனக்கணக்கு நோட்டுதான் என்று அப்போது உறைக்கவில்லை.

மூன்றாவது அமர்வுக்கு அவர் வரவில்லை, உதவியாளர் ஒரு பெண் வந்தார். அவருக்கு என் பெயரே தெரியவில்லை. நான்காவது வாரம் வெறும் லிங்க், பதிவு செய்த வீடியோ. இலவசமாகப் பார்த்த அதே ஜோன்ஸ்டவுன் வீடியோவைக் கொஞ்சம் நீட்டி வைத்திருந்தார்கள். வேலைக்கான பயோடேட்டா தயாரித்துத் தருவோம் என்றதை நம்பித்தான் முக்கியமாகச் சேர்ந்தேன். வந்தது ஒரே ஒரு பக்கம், அதன் மூலையில் வேறு யாருடைய பெயரோ அழிக்காமல் கிடந்தது. சான்றிதழைத் திரும்ப வாங்க வழிகாட்டுவோம் என்றார்களே என்று கேட்டேன். அது ‘இரண்டாம் நிலை’ பயிற்சியில் வருமாம். அதற்கு இன்னும் இரண்டு மாதச் சம்பளம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். அதன் பிறகு நடந்தது ஒரு தனி நாடகம். “48 மணி நேரத்தில் பதில் வரும்.” வரவில்லை. திரும்பக் கேட்டால், “உங்கள் உணர்வுகளை மதிக்கிறோம், 48 மணி நேரத்தில் பதில் வரும்.” உதவியாளரைக் கேட்டால் அக்கா ஓய்வில் இருக்கிறார் என்பார். அதே நாள் அக்கா நேரலையில் புதுச் சேர்க்கைக்குப் பேசிக்கொண்டிருப்பார். நேரலையின் கீழே, “அக்கா, என் பணம்?” என்று எழுதினேன். இரண்டு நிமிஷத்தில் என்னை பிளாக் செய்துவிட்டார்கள். ஆறாவது மெயிலுக்குத்தான் அவரே ஒரு குரல் பதிவு அனுப்பினார். அதே தாலாட்டுக் குரல்: “பணம் கேக்கறது நீ இல்லம்மா. உன் காயம் கேக்குது. யாரையும் நம்ப முடியாத இந்த நிலையிலிருந்துதான் உன்னை மீட்கப் பாக்குறேன்.”

அன்றைக்கு ராத்திரி என் நோட்டை எடுத்தேன். அவரே சொல்லிக்கொடுத்து நான் எழுதிய அந்த எட்டு அடையாளம். ஒப்புவிக்கவைப்பது: 41 பக்கம். தனிப் பாஷை: சந்தேகம் வந்தால் ‘பயம்’, கேள்வி கேட்டால் ‘காயம்’. ஆளைவிடக் கொள்கை பெரிது: பயிற்சியில் குறையே இருக்காது, குறையெல்லாம் என்னிடம்தான். எட்டில் ஐந்துக்கு டிக் போட்டேன். உள்ளே இருந்தபோது எங்கள் பொறுப்பாளரும் இதையேதான் சொல்வார், ‘கேட்பது நீ இல்லை, உன் அகந்தை’ என்று. வார்த்தையை மட்டும்தான் இவர் மாற்றியிருக்கிறார்.

மூன்று மாதச் சம்பளம் போனதைக்கூட ஒருநாள் விட்டுவிடுவேனோ என்னவோ. போன வாரம் பார்த்ததை விட முடியாது. இடைவேளையில் போனைத் தள்ளிக்கொண்டிருந்தேன், அவர்களுடைய விளம்பரம் வந்தது. ரோஸ் நிறப் பின்னணி. அதன்மேல் கொட்டை எழுத்தில், “நான் கிளம்பியபோது அம்மா என்னைப் பார்த்தும் பார்க்காதது போல ஜன்னலைச் சாத்தினார்.” கீழே, “மீண்டு வந்த மாணவி.” அது என் வரி. 41 பக்கத்தில் பதினேழாவது பக்கம். உலகத்தில் வேறு யாரிடமும் நான் சொன்னதில்லை.

எடுங்கள் என்று எழுதினேன். “உங்கள் பெயரைக் குறிப்பிடவில்லை. மேலும் நிபந்தனை 14-இன்படி நீங்கள் சம்மதித்துள்ளீர்கள்.” போய்ப் பார்த்தால் இருக்கிறது. சேரும்போது நான் டிக் செய்த பெட்டிக்குப் பின்னால், எறும்பு ஊர்வது மாதிரி பொடி எழுத்தில் 22 நிபந்தனைகள். பணம் திரும்பக் கிடைக்காது என்பதும் அதிலேயே இருக்கிறது.

பேங்க்கில் கேட்டேன். நீங்களே பாஸ்வேர்ட் போட்டு அனுப்பியது, எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். அங்கிருந்த ஒரு ஊழியர்தான் பாவம், உட்காரவைத்து விளக்கினார். கார்டில் கட்டியிருந்தால், சேவை கிடைக்கவில்லை என்று பேங்க் வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்க ஒரு வழி உண்டாம். விசா, மாஸ்டர்கார்டு எல்லாவற்றிலும் பெரும்பாலும் 120 நாள் அவகாசம் இருக்குமாம். நேராக அனுப்பிய பணத்துக்கு அந்த வழி இல்லை. கார்டு வேண்டாம் என்று அக்கா ஏன் சொன்னார் என்று அந்த மேஜையில் உட்கார்ந்தபோதுதான் விளங்கியது.

பத்து எச்சரிக்கை எழுத வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

‘கோச்’, ‘ஹீலர்’ என்று பெரும்பாலான நாடுகளில் யார் வேண்டுமானாலும் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளலாம், உரிமம் எதுவும் தேவையில்லை. மனநல மருத்துவர் அப்படி இல்லை, பதிவு எண் இருக்கும். அதைக் கேளுங்கள். கேட்டதற்குக் கோபப்பட்டால் எழுந்து வந்துவிடுங்கள். நாலு மாதக் காத்திருப்பு என்றாலும் பெயரைக் கொடுத்து வையுங்கள். என் முறை அடுத்த மாதம் வருகிறது.

மொத்தமாகக் கட்டாதீர்கள். ஒவ்வொரு அமர்வுக்கும் தனித்தனியாகக் கட்டுங்கள், முடிந்தால் கார்டில். யோசிக்க ஒரு நாள் தராதவருக்கு ஒரு பைசாவும் தராதீர்கள்.

உங்கள் கதையை எழுத்தில் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் எங்கே வைப்பீர்கள், யார் படிப்பார்கள் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், இந்த மாதிரிப் பதிவு போட்டதும், “உங்க பணத்தை நாங்க மீட்டுத் தர்றோம், சின்னதா ஒரு கட்டணம்” என்று வருவார்கள். ஏமாந்தவர்களையே தேடிப் பிடிக்கும் இன்னொரு கூட்டம் அது. முந்தாநாள் எனக்கு ஒன்று வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதில்கூட டைப் செய்துவிட்டேன். பக்கத்துக் கட்டிலில் இருக்கும் பெண்தான், “யாருக்குடி இந்த நேரத்துல?” என்று கேட்டாள். காட்டினேன். போனைப் பிடுங்கி அழித்துவிட்டாள்.

விளம்பரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஜன்னலைச் சாத்திய அம்மா என்று ரோஸ் கலரில் எதையாவது பார்த்தால் ரிப்போர்ட் செய்யுங்கள். மறுமொழிகளை விடிந்த பிறகு பார்க்கிறேன்.