வெப்எஸ்டிஆரா, டாங்கிளா, கையடக்க ரேடியோவா: சிற்றலை கேட்க எதில் தொடங்கலாம்?

தூரத்து வானொலி கேட்க என்ன வாங்கலாம் என்று யார் கேட்டாலும், முதல் மாதம் எதையும் வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் ஒரு வெப்எஸ்டிஆர், அதாவது இணையம் வழியாக யாரும் திருப்பிக் கேட்கக்கூடிய ரேடியோ, ஓடுகிறது. பிரவுசரில் திறந்தால் 29 மெகாஹெர்ட்ஸ் வரை மொத்த சிற்றலையும் திரையில் தெரியும், கோடு பளிச்சென்று இருக்கும் இடத்தைத் தொட்டால் நிலையம் பேசும், காசு கிடையாது. அந்த ஊர் நேரப்படி பகலில் 15 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிற கூட்டம் இருட்டியதும் 6, 7-க்கு இறங்கிவிடுவதை ஒரு நாள் பார்த்தாலே அலைவரிசைகளின் போக்கு பிடிபட்டுவிடும். ஆனால் அது அவர்கள் ஆன்டெனாவில் விழுந்த ஒலி. அதைக் கேட்டுவிட்டு நம் ஊர் முகவரியில் கேட்டதாக எழுதி க்யூஎஸ்எல் அட்டை (கேட்டதை உறுதிசெய்து நிலையம் அனுப்பும் அட்டை) வாங்குவது தப்பு.

ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள், அதாவது கணினியின் யூஎஸ்பியில் செருகும் குட்டி ரேடியோ, வேறு ரகம். அதன் பலம் 24 மெகாஹெர்ட்ஸுக்கு மேலேதான். சர்வதேச விண்வெளி நிலையம் தலைக்கு மேல் கடக்கும்போது 145.800 மெகாஹெர்ட்ஸில் காத்திருக்க ஆசையா, தாராளமாக வாங்குங்கள். சிற்றலைக்கு அது சுமார்தான், பக்கத்தில் பலமான மத்திய அலை நிலையம் இருந்தால் திணறிவிடும். போதாததற்கு லேப்டாப்பும் அதன் சார்ஜருமே இரைச்சலைக் கிளப்பும்.

என் ஓட்டு கையடக்க ரேடியோவுக்கு. டெக்சன் பிஎல்-330 மாதிரி எஸ்எஸ்பி வசதி (ஹாம்கள், அதாவது உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலிக்காரர்கள், பேசும் முறை) உள்ளதாகப் பாருங்கள், அது இல்லாததை விலை குறைவென்று வாங்க வேண்டாம். காலையில் 7000 முதல் 7200 கிலோஹெர்ட்ஸுக்குள் நம் நாட்டு ஹாம்கள் பேசிக்கொண்டிருப்பார்கள், சாதாரண ரேடியோவில் அது வாத்து கத்துவது போலத்தான் கேட்கும். எஸ்எஸ்பி-யின் கீழ்ப்பக்க வகையான எல்எஸ்பி-க்கு மாற்றி, சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால் ஒரு இடத்தில் அந்தக் கத்தல் சட்டென்று மனுஷக் குரலாகி, அழைப்புக் குறியீட்டைச் சொல்லி வணக்கம் வைக்கும். அந்த நொடிக்காகத்தான் இந்தப் பொழுதுபோக்கே.

வீட்டுக்குள் இரைச்சல்தான் பெரிய எதிரி. 31 மீட்டர் பேண்டு (9 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) முழுக்க எங்கள் வீட்டில் ஒரே உறுமலாக இருந்தது, ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துக்கொண்டே போனதில் மாடிப்படி எல்இடி பல்பில் வந்து நின்றது. மொட்டை மாடியில் பத்து மீட்டர் ஒயரைக் கட்டி ரேடியோவில் மாட்டினால் இன்னும் நிம்மதி. இடி மின்னல் நேரத்தில் மட்டும் கழற்றிவிடுங்கள்.

ஹாம் உரிமமா? கேட்பதற்குத் தேவையில்லை, பேசுவதற்குத் தேர்வு எழுத வேண்டும். தொடக்க நிலை உரிமமான ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் (புள்ளி-கோடு தந்திக் குறியீடு) தேர்வு கிடையாது, அதனால் மோர்ஸுக்குப் பயந்து ஒதுங்கத் தேவையில்லை. ஆனால் ஆறு மாதமாவது கேட்டுவிட்டு எழுதுங்கள், யார் எப்போது பேசுகிறார்கள், எப்படி இடைமறிக்கிறார்கள் என்பதெல்லாம் காதில் ஏறியிருக்கும்.

ரேடியோ கைக்கு வந்த முதல் இரவு சிற்றலைக்குப் போகும் முன் மத்திய அலையில் 882 கிலோஹெர்ட்ஸ் வைத்துப் பாருங்கள், இலங்கையின் புத்தளத்திலிருந்து 400 கிலோவாட்டில் வருவது. பெட்டியை மெல்ல வட்டமாகத் திருப்பினால் ஒலி ஏறி இறங்கும், அமுங்கிப்போகும் இடத்தில் நிறுத்தினால் உள்ளிருக்கும் ஃபெரைட் கம்பி ஆன்டெனாவின் முனை புத்தளம் இருக்கும் திசைக்கோட்டில் நிற்கும்.