சுவரில் 14 மாதம்: ஒரு வீட்டு பேட்டரியும் அதன் வயிற்றில் இருக்கும் 5 கிலோ கிராஃபைட்டும்

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 16 செல், 51.2 வோல்ட், 100 ஆம்பியர் மணி. அதாவது 5 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். பகலில் கூரை சோலார் நிரப்புகிறது. இரவில் ஃபிரிட்ஜ், இரண்டு மின்விசிறி, விளக்குகள் ஓடியும் விடியும்போது கால்வாசிக்கு மேல் மிச்சம் இருக்கிறது. பழைய ஈய பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றி, முனையில் பூத்த உப்பைச் சுரண்டிச் சலித்தவன் நான். இதில் அந்த வேலை எதுவுமே இல்லை.

வாங்குமுன் எல்லோரும் லித்தியத்தைப் பற்றித்தான் பேசினார்கள். நான் 26 வருடம் பவுண்டரியில் கிராஃபைட் மூசையில் பித்தளை உருக்கியவன், அதனால் என் கண் வேறு பக்கம் போனது. இந்த செல்களின் மைனஸ் முனை முழுக்க கிராஃபைட், அதாவது பென்சில் முனையில் இருக்கும் கார்பன். ஒரு கிராம் கிராஃபைட் அதிகபட்சம் 0.372 ஆம்பியர் மணி பிடிக்கும். 100 ஆம்பியர் மணிக்கு 269 கிராம், 16 செல்லுக்கு 4.3 கிலோ. கொஞ்சம் கூடுதலாகவே வைப்பார்கள் என்பதால் 5 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குள் போய்வரும் லித்தியம் வெறும் 400 கிராம் சொச்சம். ஆறு கார்பன் அணு சேர்ந்துதான் ஒரு லித்தியத்துக்கு இடம் தருகிறது.

பேட்டரியின் ஆயுளில் பெரும்பங்கும் அந்த 5 கிலோவில்தான் இருக்கிறது. முதல் சார்ஜிலேயே கிராஃபைட் மேல் மெல்லிய தோல் ஒன்று படிகிறது. அது இல்லாமல் செல் வேலை செய்யாது. ஆனால் தடிக்கத் தடிக்க லித்தியத்தைத் தின்றுகொண்டே போகும். சூட்டில் இன்னும் வேகமாகத் தடிக்கும். பொருத்த வந்தவர்கள் இதை யோசிக்காமல் மேற்குச் சுவரில் மாட்டிவிட்டுப் போனார்கள். மாலை நாலு மணிக்குப் பெட்டியில் கை வைக்க முடியவில்லை. மூன்றாம் வாரமே அவர்களை வரவழைத்து மாடிப்படிக்குக் கீழே மாற்ற வைத்தேன். நீங்கள் வாங்கினால், பெட்டி வருவதற்கு முன்பே சுவரை முடிவு செய்துகொள்ளுங்கள்.

அடுத்த குறை கைபேசிச் செயலி. ஒரு ராத்திரி பேட்டரியில் மிச்சம் 34 சதவீதம் என்று காட்டியது, கொஞ்ச நேரத்தில் 11-க்கு விழுந்தது. இது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. இந்த வகை செல்லில் வோல்ட் நெடுநேரம் ஒரே மட்டத்தில் நிற்பதால், மிச்சம் எவ்வளவு என்று கணிப்பது கஷ்டம். வாரம் ஒருமுறை முழுக்க நிரப்பினால் கணக்கு நேராகிவிடுகிறது. கையேட்டில் இதற்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம்.

பெரிய மனக்குறை வேறு. உள்ளே இருப்பது சுரங்க கிராஃபைட்டா, செயற்கையா என்று எழுதிக் கேட்டேன். பதினொரு நாள் கழித்து 'தொழில் ரகசியம்' என்று பதில் வந்தது. ரகசியமாக வைக்க இதில் என்ன இருக்கிறது? சுரங்கத்துச் செதிலை உருண்டையாக்கும்போது பாதிக்கு மேல் தூளாகக் கழிந்துவிடும். செயற்கை என்றால் பெட்ரோலியக் கோக்கை 3000 டிகிரி வரை சூடேற்ற வேண்டும். அதற்கு ஏகப்பட்ட மின்சாரம் வேண்டும். கிராஃபைட்டைப் பேட்டரிக்காகப் பக்குவப்படுத்தும் வேலையில் 90 சதவீதத்துக்கு மேல் சீனாவில்தான் நடக்கிறது. 2023 டிசம்பரிலிருந்து அங்கே ஏற்றுமதிக்கு அனுமதி வாங்க வேண்டும். பத்து வருடம் கழித்து மாற்றுப் பெட்டி தேடப்போகும் ஆள் நான். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு உரிமை இருக்கிறது.

அணு உலைகளும் கிராஃபைட் கேட்குமே, நமக்கு மிஞ்சுமா என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. 1942 டிசம்பர் 2-ல் சிகாகோவில் இயற்பியலாளர் ஃபெர்மி இயக்கிய முதல் உலையே கிராஃபைட் கட்டிகளின் அடுக்குதான். அணு பிளக்கும்போது தெறிக்கும் நியூட்ரான் துகளின் வேகத்தைத் தணிக்க அது வேண்டும். போரான் துளி கலந்தாலும் நியூட்ரானை விழுங்கிவிடும் என்பதால் சுத்தத்துக்காகப் பிடிவாதமாக நின்றவர் அவருடன் வேலை செய்த இயற்பியலாளர் சிலார்ட். இப்போது சீனாவின் ஷிதாவ் விரிகுடா நிலையத்தில், 2023 டிசம்பரில் வணிக ரீதியில் ஓடத் தொடங்கிய உலைகளில், எரிபொருள் 6 சென்டிமீட்டர் உருண்டை. ஒன்றில் யுரேனியம் 7 கிராம். சுமார் 200 கிராம் எடையில் மற்றதெல்லாம் அநேகமாக கிராஃபைட். இரண்டு உலைக்கும் சேர்த்து 8 லட்சத்துக்கு மேல் உருண்டைகள், ஏறக்குறைய 170 டன். என் பெட்டிக் கணக்கில் அது 34,000 வீடு. உலையின் உள்சுவரில் இருக்கும் கிராஃபைட் தனி.

ஒரு மின்நிலையத்துக்கு 34,000 வீடு என்பது சின்ன ஊர்தான். வீடுகள் லட்சக்கணக்கில் பேட்டரி மாட்டத் தொடங்கினால் உலைகளின் பங்கு கரைந்துபோகும். உலைக்கு வேண்டியது அளவு அல்ல, தரம். நியூட்ரான் பட்டால் அந்தக் கிராஃபைட் முதலில் சுருங்கி அப்புறம் வீங்கும். அதை வருடக்கணக்கில் சோதித்த பிறகே உள்ளே விடுவார்கள். எனக்கு உலையைப் பற்றிப் பயமில்லை, கார்களைப் பற்றித்தான் பயம். 60 யூனிட் கார் ஒன்று என் பெட்டியைப் போல் பன்னிரண்டை விழுங்குகிறது.

இரண்டாவது பெட்டி வாங்கும்போது சோடியம் பேட்டரியையும் பார்ப்பேன். சோடியம் கிராஃபைட்டுக்குள் சரியாக உட்காராது. அதற்குக் கடினக் கார்பன் என்ற வேறு வகை போடுகிறார்கள். அந்த பேட்டரி எடை கூடுதல்தான். சுவரில் சும்மா இருக்கும் பெட்டிக்கு எடை ஒரு குறையே இல்லை.

இந்தப் பெட்டிக்கு ஐந்துக்கு நாலு தருகிறேன். கிராஃபைட் எங்கிருந்து வந்தது என்று மறுபடியும் கடிதம் போட்டிருக்கிறேன். பதில் வந்தால் இங்கேயே சேர்க்கிறேன்.