டம்ளர் சொல்லும் சேதி

ஹோம் தியேட்டருக்குப் புது ரிசீவர் (ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டி) வாங்கப்போகும் நண்பர் ஒருவர், "நீங்க மைக் வெச்சு என்னவோ அளப்பீங்களே, அது எனக்கும் வேணுமா?" என்று கேட்டார். மூன்று வருடக் கூத்து, ஃபோனில் சொல்லி மாளவில்லை.

எங்கள் ஹால் 14 அடி நீளம். கணினியிலிருந்து ஹெச்டிஎம்ஐ வழியாக 5.1, அதாவது ஐந்து ஸ்பீக்கர், பேஸுக்கென்று தனியாக ஒரு சப்வூஃபர். ரூம் ஈக்யூ விசார்ட் என்ற மென்பொருளில் அறையின் ஒலியை அளந்து, அது கணக்கிட்டுத் தரும் ஃபில்டர்களை (எந்த அதிர்வெண்ணைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்ற திருத்தங்களை) ஈக்வலைசர் ஏபிஓ என்ற இன்னொரு மென்பொருளில் ஏற்றுகிறேன். இரண்டும் இலவசம், அளக்க உதவும் யூமிக்-1 மைக்குக்குத்தான் காசு.

முதல் அளவீட்டிலேயே குட்டு வெளிப்பட்டது. சோஃபா ஹாலின் நட்டநடுவில் கிடந்தது. 14 அடி நீளத்துக்கு 40 ஹெர்ட்ஸ் வாக்கில் ஒரு நிலையலை (சுவர்களுக்கிடையே எதிரொலித்து, ஓரிடத்தில் பலத்தும் ஓரிடத்தில் அடங்கியும் நிற்கும் ஒலி) எழும். நடு அறையில் அது செத்துப்போகும். 80இல் எழும் அடுத்த அலைக்கோ அதே இடத்தில்தான் உச்சம். 80இன் மேட்டை ஃபில்டர் அழகாகச் சீவிவிட்டது. 40இன் பள்ளத்தை நிரப்ப 6 டெசிபல் ஏற்றிப் பார்த்தேன். சப்வூஃபர் நாலு மடங்கு பவர் குடித்ததுதான் மிச்சம். கடைசியில் சோஃபாவை இரண்டடி பின்னால் தள்ளினேன், பாதி சரியாயிற்று. மறுபடி அளந்து ஃபில்டர்களை மாற்றிய அன்று கேட்ட பேஸ் இருக்கிறதே, இதற்கா இத்தனை வருடம் காத்திருந்தோம் என்று இருந்தது.

சரி, எரிச்சலுக்கு வருகிறேன். சவுண்ட் டிரைவர் அப்டேட் ஆனால் ஈக்வலைசர் சத்தமில்லாமல் கழன்றுகொள்கிறது. எச்சரிக்கை எதுவும் வராது. அதன் செட்டிங்ஸ் கருவியைத் திறந்து, டிக் போட்டு, ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். எனக்குச் சேதி சொல்வது ஷோகேஸில் இருக்கும் எவர்சில்வர் டம்ளர்கள்தான். சண்டைக் காட்சியில் அவை கிணுகிணுத்தால் 80 திரும்பிவிட்டது என்று அர்த்தம். "உங்க கோடு மறுபடி போயிடுச்சு போல" என்பாள் மனைவி, கிராஃபைத்தான் சொல்கிறாள். போன தீபாவளிக்கு வந்த சொந்தக்காரர்கள் அரை மணி நேரம் என் முதுகைத்தான் பார்த்தார்கள்.

ஈக்வலைசரைக் குறை சொல்வது நியாயமில்லை, தெரியும். ஒலியைப் பிட்ஸ்ட்ரீமாக, அதாவது கணினி பிரிக்காத பொட்டலமாக, அனுப்பினால் ஃபில்டர் வேலை செய்யாது, கணினியே பிரித்துப் பிசிஎம்மாகத்தான் அனுப்ப வேண்டும் என்று தெரியாமல், ஒரு மாதம் இல்லாத ஃபில்டரைக் கேட்டு ஆஹா போட்டவன் நான். ஆனாலும் கோபம் வருகிறது.

நண்பரிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். ரிசீவரே செய்யும் திருத்தம் போதும், நிம்மதியாகப் படம் பாருங்கள் என்றேன். அப்படியானால் மைக்கையாவது ஒரு வாரம் இரவல் கொடுங்கள் என்கிறார். தரலாம், இந்த ஞாயிறு கழியட்டும். குக்கர் ஏறுவதற்கு முன் ஃபேனை அணைத்துவிட்டுப் பின் ஸ்பீக்கர்களை ஒருமுறை அளக்க வேண்டும்.