லிசெஸ்ஸில் ஐந்து வருடம்: மாஸ்டர்களோடு ஒரே போர்டில்

2020 ஏப்ரலில், ஊரடங்கு நேரத்தில் இணையத்தில் சதுரங்கம் ஆடும் தளமான லிசெஸ்ஸில் கணக்கு தொடங்கினேன். ஐந்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. ஆடாத நாள் குறைவு. விளம்பரம் கிடையாது, கட்டணம் கிடையாது, நன்கொடையில் ஓடுகிறது. ஆட்டம் முடிந்ததும் ஸ்டாக்ஃபிஷ் என்ற சதுரங்க எஞ்சினின் (ஆட்டத்தைக் கணிக்கும் மென்பொருள்) அலசலும் இலவசம். ஆனால் என்னை அங்கே பிடித்து வைத்திருப்பது வேறு: பெயருக்கு முன்னால் ஆரஞ்சு நிறத்தில் 'ஜிஎம்' (கிராண்ட்மாஸ்டர்), 'ஐஎம்' (இன்டர்நேஷனல் மாஸ்டர்) என்று போட்டிருப்பவர்கள் நம்மோடு ஆட வருகிறார்கள்.

முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் பெரிய வீரர்களைப் பின்தொடர்கிறேன். அங்கே லைக் போடலாம், வாழ்த்து சொல்லலாம், அவ்வளவுதான். இங்கே 'சைமல்' என்று ஒன்று இருக்கிறது. மாஸ்டர் ஒருவர் ஒரே நேரத்தில் பல பேரோடு ஆடுவார். யார் வேண்டுமானாலும் பெயர் கொடுக்கலாம், சேர்த்துக்கொள்வது அவர் விருப்பம். இரண்டாவது வருடம் அப்படி ஓர் ஐஎம்மோடு எனக்கு இடம் கிடைத்தது. எனக்குக் கருப்பு. ஆட்டத்தின் கடைசியில் ஆளுக்கொரு ரூக் (யானை), அவருக்கு மட்டும் கூடுதலாக ஒரு சிப்பாய். என் ரூக் ஆறாவது வரிசையில் காவல் நின்றது. பொறுமையில்லாமல் செக் கொடுக்கக் கீழே இறக்கினேன். அவருடைய ராஜா உள்ளே நுழைந்துவிட்டது. தோற்றேன்.

ஆட்டம் முடிந்ததும் சாட்டில் எழுதினார்: "அண்ணா, சிப்பாய் ஆறாவதுக்கு வர்ற வரைக்கும் ரூக்கை அசைக்காதீங்க. வந்ததும் கீழே இறக்கி, பின்னாடியிருந்து செக் கொடுங்க. டிராதான்."

இதுதான் பிலிடோர் நிலை: ஒரு சிப்பாய் குறைவாக இருந்தும் ரூக்கை வைத்து டிரா செய்யும் வழி. புத்தகத்தில் பலமுறை படித்தது, அன்றுதான் மண்டையில் ஏறியது. பிறகு 'ஸ்டடி' (சேர்ந்து அலசும் பக்கம்) ஒன்றைத் திறந்து என்னையும் சேர்த்துக்கொண்டார். ஒரே போர்டில் இருவரும் காய் நகர்த்தி அரை மணி நேரம் பார்த்தோம். காசு கொடுத்துப் போன எந்த வகுப்பிலும் எனக்கு இது கிடைத்ததில்லை.

பட்டம் பெற்ற வீரர்கள் மட்டும் மோதும் போட்டியான டைட்டில்டு அரீனாவை வேடிக்கை பார்ப்பதும் பெரிய பாடம். உலக சாம்பியனாக இருந்த கார்ல்சன் 'டாக்டர்நிக்டர்ஸ்டீன்' என்ற பெயரில் அதில் ஆடியிருக்கிறார். 2022 பிப்ரவரியில் 16 வயது பிரக்ஞானந்தா ஏர்திங்ஸ் மாஸ்டர்ஸ் போட்டியில் அவரைக் கருப்புக் காய்களோடு 39 நகர்வில் வென்றதும் ஆன்லைனில்தான். வேறு தளம், ஆனால் பிரக்ஞானந்தா முன்னாலும் ஒரு திரைதான் இருந்தது. அந்த நினைப்பே எனக்குப் பெரிய உற்சாகம்.

மனம் நொந்த நாட்களும் உண்டு. எஞ்சினை வைத்து ஆடுகிறவர்களிடம் நாலைந்து முறை தோற்றிருக்கிறேன். அவர்கள் மாட்டிக்கொண்டால் நான் இழந்த ரேட்டிங் புள்ளிகள் திரும்ப வந்துவிடும். வீணாய்ப் போன இரவு வராது. அதிவேக புல்லட் ஆட்டத்தில் மாஸ்டரே எதிரே வந்தாலும் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை என்பது என் அனுபவம். பத்து நிமிடத்துக்குக் குறையாத ஆட்டம் ஆடுங்கள்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று. மாஸ்டருக்கு "ஹாய் சார்" என்று அனுப்பினால் பெரும்பாலும் பதில் வராது. "24-வது நகர்வில் பிஷப்பைக் கொடுத்திருக்கலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். எனக்கு மறுநாளாவது பதில் வந்திருக்கிறது, சில சமயம் ஒரு முழு ஸ்டடியாகவே.