தொட்டியா, துணியா, மண் அணைப்பா? ஹூஸ்டன் குளிரில் கறிவேப்பிலையைக் காக்கும் மூன்று வழிகள்

ஹூஸ்டனின் மேற்குப் புறநகரில் நாங்கள் வீடு வாங்கிய முதல் ஆண்டிலேயே கொல்லையில் கறிவேப்பிலை, முருங்கை, குண்டுமல்லி, வாழை ஆகிய நான்கையும் வைத்துவிட்டோம். மார்ச் முதல் நவம்பர் வரை இவை நம் ஊரில் வளர்வதைப் போலவே வளரும். இடர் முழுவதும் டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி முடிவு வரையிலான வாரங்களில்தான் இருக்கிறது. அதிலும் உண்மையில் ஆபத்தான இரவுகள் ஓர் ஆண்டுக்குச் சிலவே. அந்தச் சில இரவுகளைக் கடத்துவதற்கு இங்குள்ள தமிழ்க் குடும்பங்களிடையே மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. செடியைத் தொட்டியில் வளர்த்துக் குளிர் வரும்போது உள்ளே கொண்டுபோவது ஒன்று. தரையில் நட்ட செடியைத் துணியால் மூடி, உள்ளே விளக்குச் சரம் போடுவது இன்னொன்று. தூரைச் சுற்றி மண்ணைக் குவித்து, மேலே உள்ள கிளைகள் கருகினால் கருகட்டும் என்று விட்டுவிடுவது மூன்றாவது. மூன்றையும் செய்து பார்த்த பிறகு, கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கும் மல்லிக்கும் மண் அணைப்பையே நான் தேர்ந்துகொண்டேன்.

ஒப்பிடுவதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். செடியைத் தாக்கும் குளிர் இருவகைப்படும். காற்றில்லாத, மேகமில்லாத இரவில் தரையின் வெப்பம் வானை நோக்கி வெளியேறி, விடியற்காலையில் இலைமேல் வெண்மையாகப் படியும் உறைபனி ஒருவகை. அப்போது வெப்பநிலை பெரும்பாலும் 32 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது 0 டிகிரி செல்சியஸுக்கு, சற்றுக் கீழே இறங்கி, வெயில் வந்ததும் ஏறிவிடும். வடக்கிலிருந்து துருவக் காற்று இரண்டு மூன்று நாள் இடைவிடாமல் வீசி, பகலிலும் உறைநிலைக்கு மேலே ஏறவிடாமல் அழுத்துவது மற்றொரு வகை. முதல்வகைக்கு ஏறத்தாழ எந்த ஏற்பாடும் போதும். ஆகவே ஒரு வழியின் தகுதியை இரண்டாம் வகைக் குளிரைக் கொண்டுதான் எடைபோட வேண்டும்.

தொட்டியைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. அடுக்குமாடி வீட்டிலோ வாடகை வீட்டிலோ இருப்பவர்களுக்கு வேறு வழியே கிடையாது. செடி சிறிதாக இருக்கும்வரை இது மிக எளியது. ஆனால் நான்காம் ஆண்டில் கறிவேப்பிலைக்குப் பதினைந்து கேலன் தொட்டி வேண்டியிருக்கும். ஈர மண்ணோடு அதன் எடை ஐம்பது கிலோவைத் தொடும். உள்ளே வந்த செடி வெளிச்சம் போதாமல் இலை உதிர்க்கும். ஹீட்டரின் வறண்ட காற்றில் சிலந்திப்பேனும் செதில் பூச்சியும் பெருகும். இலை உதிர்ந்த செடிக்கு வழக்கம்போல் தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகும். வீடு மாறும்போது செடியையும் எடுத்துச் செல்லலாமே என்று சிலர் சொல்வதுண்டு. கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆரஞ்சு மரங்களை அழிக்கும் பச்சையாதல் நோயைப் பரப்பும் சில்லிட் பூச்சி இதன் கொழுந்திலும் முட்டையிட்டுப் பெருகும். எனவே டெக்ஸஸ், கலிஃபோர்னியா, ஃப்ளோரிடா மாநிலங்களில் இந்தச் செடியை இடம்விட்டு இடம் கொண்டுபோகக் கட்டுப்பாடு உண்டு. டாலஸில் இருக்கும் உறவினருக்குக் கன்று எடுத்துச் செல்லும் முன்னும் மாநில வேளாண் துறையின் விதியைப் பார்த்துக்கொள்வது நல்லது.

துணியால் மூடுவது நம்மவருக்குப் புதிதன்று. உதகை தாவரவியல் பூங்காவில் ஒவ்வோர் ஆண்டும் உறைபனிக் காலத்தில் மலர்ச் செடிகளின் மேல் கோத்தகிரி மிலார் செடிகளைப் பரப்பிக் காப்பதும் இதே முறைதான். மூடியின் வேலை செடிக்கு வெப்பம் ஊட்டுவதன்று. தரையிலிருந்து எழும் வெப்பத்தை வெளியேற விடாமல் பிடித்து வைப்பதே. ஆகவே துணி நாற்புறமும் தரையைத் தொட வேண்டும். இலைப்பகுதியை மட்டும் போர்த்தி, தண்டோடு சேர்த்துக் கயிற்றால் கட்டிவிடுவது இங்கே தெருவுக்குத் தெரு காணக்கூடிய தவறு. அப்படிக் கட்டினால் தரையின் வெப்பம் துணிக்கு வெளியே போய்விடும். பிளாஸ்டிக் தாளை இலைமேல் படும்படி போர்த்தினால், பட்ட இடமெல்லாம் கருகும். சரியாகப் போட்ட கனமான பனித்துணிகூட வெளிக்காற்றைவிட ஆறு முதல் எட்டு டிகிரி ஃபாரன்ஹீட் வரைதான் காப்பாற்றித் தரும். அதற்கு மேல் வேண்டுமென்றால் உள்ளே பழைய வகை இழை பல்புச் சரம் போட வேண்டும். ஒவ்வொன்றும் ஏழு வாட் உள்ள இருபத்தைந்து பல்புகள் கொண்ட ஒரு சரம் 175 வாட் வெப்பம் தரும், எல்.இ.டி. சரத்தால் பயனில்லை. இவ்வளவையும் செய்தால் கிளை, இலை எல்லாம் பிழைத்து, பிப்ரவரியிலும் பச்சை இலை கிடைக்கும். இந்த நன்மை வேறெந்த வழியிலும் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அப்படியிருந்தும் நான் இதை விட்டதற்குக் காரணம் ஒன்றுதான்: வீட்டில் ஆளில்லாதபோதும் மின்சாரம் இல்லாதபோதும் நிற்கக்கூடிய ஏற்பாடாக அது இருக்கிறதா என்ற கேள்வி. இதை நான் 2021 பிப்ரவரியில் கற்றுக்கொண்டேன். பிப்ரவரி 16 அன்று ஹூஸ்டனின் பெரிய விமான நிலையத்தில் 13 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது உறைநிலைக்குக் கீழே பத்து டிகிரி செல்சியஸுக்கும் மேல், பதிவானது. அதே நேரத்தில் மாநிலம் முழுவதும் நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளிலும் கடைகளிலும் மின்சாரம் நின்றுபோனது. எங்கள் பெரிய கறிவேப்பிலைக்கு இரட்டைத் துணியும் இரண்டு பல்புச் சரமும் போட்டிருந்தேன். மின்சாரம் போன இரவில் அந்தக் கூடாரத்துக்குள் இருந்தது வெறும் குளிர்க்காற்றுதான். தொட்டிச் செடிகளைக் கார் ஷெட்டில் வைத்திருந்தோம், ஷெட்டும் உறைந்தது. தரையில் நிற்கும் செடியின் வேருக்கு அடியில் பூமியின் வெப்பம் உண்டு, தொட்டிக்கு அது கிடையாது. நான்கு தொட்டிகளில் ஒன்றுகூட மீளவில்லை. துணி போர்த்திய மரம் தரைமட்டம் வரை செத்து, ஜூன் மாதத்தில் ஒரே ஒரு மெலிந்த போத்து விட்டது. வேலியோரத்தில் நின்ற சிறிய கறிவேப்பிலைக்கு, துணி போதாததால், பாத்தி கொத்திய மண்ணை முழங்கால் உயரத்துக்கு அணைத்து விட்டிருந்தேன். அது ஏப்ரல் தொடக்கத்தில் ஏழு போத்துகளோடு எழுந்து வந்தது. அந்த ஏழு போத்துகளைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இன்றும் மறக்கவில்லை.

மின்சாரம் போவது அரிது என்று வாதிடலாம். ஆளில்லாமல் இருப்பது அரிதன்று. பிள்ளைகளின் பள்ளி விடுமுறையை ஒட்டி டிசம்பர் கடைசியில் ஊருக்குப் போவது எங்களைப் போன்ற பல குடும்பங்களின் வழக்கம். அதே வாரங்களிலும் குளிர் அலை வருவதுண்டு. 2022 கிறிஸ்துமஸுக்கு முந்தைய குளிர் அலையின்போது நாங்கள் மதுரையில் இருந்தோம். துணிமுறை என்றால் மாலையில் மூடி, வெயில் ஏறியதும் திறந்து, காற்றில் பறந்தால் மீண்டும் கட்டி, சரத்தைக் கவனித்து, என்று ஒவ்வொரு நாளும் ஒருவர் நிற்க வேண்டும். அதைப் பக்கத்து வீட்டாரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கும். மண்ணை நவம்பரிலேயே அணைத்திருந்ததால் அந்த முறை நாங்கள் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

மண் அணைப்பது கரும்புக்கும் வாழைக்கும் நம் ஊரில் செய்வதுதான். காரணம் மட்டும் வேறு. டெக்ஸஸில் இளம் ஆரஞ்சு மரங்களுக்கு இதை வெகுகாலமாகவே செய்துவருகிறார்கள். நவம்பர் கடைசியில் தேங்க்ஸ்கிவிங் விடுமுறையின்போது தூரைச் சுற்றி ஒன்றரை அடி உயரம், அடியில் மூன்றடி அகலம் வருமாறு கூம்பாகக் குவிக்கிறேன். ஒரு செடிக்கு முக்கால் கன அடி மூட்டைகள் ஐந்து ஆகும். மார்ச்சில் அந்த மண்ணே பாத்திகளுக்குப் போய்விடும் என்பதால் செலவு வீணாவதில்லை. இங்கே மண்தான் வேண்டும். காய்ந்த இலையோ வைக்கோலோ கூடாது. ஈர மண் கீழே உள்ள வெப்பத்தை மேலே கடத்திக் கொண்டுவந்து தண்டோடு சேர்க்கும். இலை மூடாக்கு, வேரைக் காத்தாலும், அந்த வெப்பம் தண்டுக்கு ஏறுவதைத் தடுத்துவிடும். குவிப்பதற்கு முன் தூரருகே தீ எறும்புப் புற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் குவியல் முழுவதையும் அவை வீடாக்கிக்கொள்ளும். முருங்கையை இரண்டடி உயரத்தில் வெட்டிவிட்டு அணைக்கலாம்; அது கோடையில் மீண்டும் பத்தடிக்கு மேல் போகும்.

கறிவேப்பிலைக்கு இந்த வழி பொருந்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது விதையிலிருந்தோ வேர்க்கன்றிலிருந்தோ வளர்வது; ஒட்டுச்செடி அன்று. ஆகவே தூரிலிருந்து எது துளிர்த்தாலும் அதே கறிவேப்பிலைதான். ஒட்டு மாமரத்துக்கும் ஒட்டு எலுமிச்சைக்கும் அப்படியன்று. ஒட்டுக்குக் கீழே துளிர்த்தால் வருவது அடிமரத்தின் கிளை. அவற்றுக்கு மண் அணைத்தால் ஒட்டுக்கட்டு மறையும்வரை கட்டாயம் அணைக்க வேண்டும்.

இழப்பு என்னவென்றால், கடுங்குளிர் வந்த ஆண்டில் ஜனவரி முதல் மே வரை பச்சை இலை இராது. கறிவேப்பிலை மரமாகாமல் புதராகவே நிற்கும். குளிர் அலைக்கு முந்தைய நாளில் மட்டும் கிளைகளை அறுத்து, இலைகளை உருவி, உறைபெட்டியில் வைத்துக்கொள்கிறோம். சாம்பாருக்கும் ரசத்துக்கும் அது போதுமானது, துவையலுக்குப் போதாது. அக்டோபரிலேயே வெட்டிவிட்டால் இளந்துளிர் கிளம்பி, முதல் உறைபனியிலேயே கருகிப்போகும்.

வாழைக்கு இந்த முடிவு பொருந்தாது. வாழை குலை தள்ள ஒன்பது மாதம் முதல் ஓராண்டுக்கு மேல் ஆகும். தண்டு செத்துக் கிழங்கிலிருந்து மறுபடி கிளம்பினால், குலை வரும் முன் அடுத்த குளிர் வந்துவிடும். தண்டைச் சுற்றிக் கம்பிவலை நிறுத்தி, உள்ளே காய்ந்த இலைகளைத் திணித்துப் பார்க்கிறேன். இரண்டு மிதமான குளிர்காலங்களை மட்டுமே அது கண்டிருப்பதால், உறுதியாகப் பரிந்துரைக்க மாட்டேன். டாலஸ் பக்கம் இருப்பவர்களும் என் அனுபவத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 2021இல் அங்கே மைனஸ் 2 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இறங்கியது. அங்கே இருந்தால் மண் அணைத்த செடியோடு, சன்னலோரம் வைக்கத்தக்க சிறிய தொட்டியில் ஒரு கன்றையும் வைத்திருப்பேன்.

ஹூஸ்டனில் மார்ச் முதல் இரண்டு வாரங்களுக்குள் மண்ணைக் கலைத்துவிட வேண்டும்; வெயில் ஏறிய பிறகும் விட்டால் பட்டை அழுகும். நான் கையாலேயே மெதுவாக விலக்குவேன். மேலே கிளையெல்லாம் கறுத்திருந்தாலும், மண் மூடியிருந்த இடத்தில் நகத்தால் லேசாகக் கீறினால் பச்சை தெரியும். அந்தப் பச்சை எங்கே முடிகிறது என்று துளிர்கள் காட்டும்வரை, காய்ந்த கிளையை வெட்டாமல் ஏப்ரல் வரை காத்திருக்கிறேன்.