மூன்று வருஷமாகக் கடலுக்குள் ஒரு காது: என் ஹைட்ரோஃபோன் அனுபவம்

டால்பின் சத்தம் கேட்கும் ஆசையில் 2022-இல் வாங்கிய ஹைட்ரோஃபோன், அதாவது தண்ணீருக்குள் கேட்கும் மைக், இது. விரல் நீளத்தில், ஒலியின் அழுத்தத்தை மின்சாரமாக்கும் ஒரு பீசோ உருளை, ஒன்பது மீட்டர் கேபிள், ஒலியை நொடிக்கு 96,000 முறை அளந்து பதியும் கையடக்க ரெக்கார்டர். ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து ஊரான மண்டபத்தில் வடகடல் (பாக் விரிகுடா) பக்கம், நாலு மீட்டர் ஆழமுள்ள இடத்தில் வத்தை என்னும் சிறு படகிலிருந்து இறக்கிக் கேட்பேன். இதுவரை பதிந்ததில் முக்கால்வாசி இறால் சத்தம்தான். அதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை.

முதல் ராத்திரி, எண்ணெயில் கடுகு போட்ட மாதிரி விடாத சடசடப்பு. வத்தைக்கார அண்ணனிடம் ஹெட்ஃபோனை நீட்டினேன். "ராத்திரி வத்தையில படுத்தா பலகைக்கு அடியில இதான் தம்பி கேக்கும்" என்றார், ஆச்சரியமே இல்லாமல்.

சத்தம் போடுவது சொடுக்கு இறால். விரல் நீளம்கூட இருக்காது. பெரிய கொடுக்கை அது மூடும் வேகத்தில் நீர் பீய்ச்சியடித்து ஒரு குமிழி உண்டாகிறது. சத்தம் வருவது கொடுக்கு மோதுவதால் அல்ல, அந்தக் குமிழி நொறுங்குவதால் என்று 2000-இல்தான் அதிவேகக் கேமரா வைத்து நிரூபித்தார்கள். ஒலியின் பலம் 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸில். வீச்சு 200 கிலோஹெர்ட்ஸ் வரை நீளும். நம் காதுக்கும் ரெக்கார்டருக்கும் எட்டுவது அதில் ஒரு பகுதிதான்.

இந்தக் கருவியால் எனக்குக் கிடைத்த பெரிய லாபம், ஒவ்வொரு வெடிப்பும் இரண்டாக வருவதைக் கண்ணால் பார்த்தது. கணினியில் அலைவடிவத்தைப் பெரிதாக்கினால், முதல் கூர்முனைக்குப் பின்னாலேயே தலைகீழாக இன்னொன்று நிற்கும். கடலின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பிய ஒலி அது. வெதுவெதுப்பான கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் ஓடும். ஹைட்ரோஃபோன் தரைக்கு ஒரு மீட்டர் மேலே தொங்கினால், ஐந்து மீட்டர் தள்ளியிருக்கும் இறாலின் எதிரொலி 2 மில்லி நொடிக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தாமதிக்கும். நூறு மீட்டர் தள்ளியிருந்தால் இடைவெளி 0.16 மில்லி நொடியாகச் சுருங்கிவிடும். அந்த இடைவெளியை வைத்தே, பக்கத்து இறால் எது, தூரத்து இறால் எது என்று பிரிக்கிறேன். தரையில் பட்டு வருவதும் கலந்துகொள்வதால் தூரம் கூடக்கூடக் கணக்கு மங்கும்.

இதே காரணத்தால் ஹைட்ரோஃபோனை மேற்பரப்பை ஒட்டித் தொங்கவிடாதீர்கள். நேர் ஒலியும் தலைகீழ் ஒலியும் அடித்துக்கொண்டு அடித்தொனி செத்துப்போகும். ரெக்கார்டரின் கெயினையும் (ஒலியைப் பெருக்கும் அளவு) குறைத்தே வையுங்கள். பக்கத்து வெடிப்பு ஒன்று போதும், பதிவு உடைந்துவிடும்.

குறை? இரண்டாம் வருஷம் கேபிள் முனையில் உப்பு ஏறிக் கரகரத்தது. விற்றவர்கள் மாற்றித் தரவில்லை. நானே வெட்டிப் புது பிளக் பற்றவைத்தேன். நீரோட்டத்தில் கேபிள் அதிர்ந்து உறுமும். நடுவில் ஒரு எலாஸ்டிக் கயிறு கட்டியபின் அடங்கியது. ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசிவிடுகிறேன்.

சிங்கி இறாலின் (லாப்ஸ்டர்) சத்தத்தை மட்டும் கடலில் இன்னும் பிடிக்க முடியவில்லை. அது உணர்கொம்பின் அடியைத் தேய்த்து 'கர்ர்' என்று கரகரக்கும். பிரான்ஸின் பிரிட்டனி கடலோரத்தில் பெரிய ஐரோப்பியச் சிங்கி இறாலின் கரகரப்பு மூன்று கிலோமீட்டர் வரை எட்டக்கூடும் என்று 2020-இல் கணித்திருக்கிறார்கள். இங்கே ஆழம் குறைவு. தாழ்ந்த சுருதி ஒலி ஆழமற்ற நீரில் தூரம் போகாது. மிச்சத்தைச் சொடுக்கு இறால் கூட்டம் மூடிவிடுகிறது. போன மாசம் அண்ணன் பிடித்துவந்த ஒன்றைக் கூண்டோடு தண்ணீரில் இறக்கி, அரை மீட்டரில் ஹைட்ரோஃபோனை வைத்தோம். கூண்டைத் தொட்டதும் மூன்று முறை கரகரத்தது. அண்ணன் ஹெட்ஃபோனைக் கழற்றவே இல்லை.